மூன்றாம் ஷெட்டில் மட்டும்

முதல் நாள் பதினொரு கோழிகள். மறுநாள் இருபத்தெட்டு. ஐந்தாம் நாள் காலை பொற்கொடி மூன்றாம் ஷெட்டின் கூண்டு வரிசைகளில் நடந்து, செத்தவற்றைக் காலைப் பிடித்து இழுத்து வாசலில் போட்டபோது குவியல் தொண்ணூறைத் தாண்டியிருந்தது. கொண்டை வெளிறியிருந்தது. வால்பக்கம் மஞ்சளும் பச்சையுமாகக் கழிச்சல் ஒட்டிக் காய்ந்திருந்தது. மற்ற மூன்று ஷெட்களிலும் வழக்கம்போல ஒன்றோ இரண்டோதான்.

கிணத்துக்கடவுக்குக் கிழக்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கும் அந்த முட்டைக்கோழிப் பண்ணை சுப்பண்ணனுடையது. ஷெட்டுக்கு ஐயாயிரம் வீதம் நான்கு ஷெட். எல்லாம் வெள்ளைக் கோழி. சுப்பண்ணனுக்கு அறுபத்தெட்டு வயது. மகன் திருப்பூரில் பனியன் தொழிலில் இருக்க, பண்ணையை நடத்துவது மருமகள் லோகப்பிரியாதான்.

அவள் குவியலுக்கு நான்கடி தள்ளி நின்று பார்த்தாள்.

"அக்கா, உங்க ஷெட்டுல மட்டும் ஏன்?"

"தெரியலீங்கம்மா. தீவனம் ஒண்ணுதான். மருந்தும் ஒண்ணுதான்."

"அதான் கேக்கறேன். எல்லாம் ஒண்ணுதான். ஆளுதான் வேற."

பொற்கொடி குனிந்து இன்னொரு கோழியைக் குவியலில் போட்டாள். ஒன்பது வருடமாக அந்த ஷெட் அவளுடையது. நோய் வந்தால் தன் பெயரோடு வரும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

மதியம் கால்நடை டாக்டர் ரம்ஷா வந்தாள். கோயம்புத்தூரிலிருந்து ஸ்கூட்டரிலேயே வருபவள். வாசலில் காலுறை மாற்றி, கிருமிநாசினித் தொட்டியில் கால் நனைத்து, செத்த கோழிகளைப் புதைக்கும் குழிமேட்டுச் சிமெண்டுத் திட்டில் வைத்து மூன்று கோழிகளை அறுத்தாள். ஈரல் பெருத்து, பழைய பித்தளைப் பாத்திரத்தின் நிறத்தில் இருந்தது.

"கோழி டைபாய்டு மாதிரி இருக்கு. லேப்ல உறுதி பண்ணணும்," என்றாள். "இது பாக்டீரியா. மூணாம் ஷெட்டுக்குள்ள தானா முளைக்காது. யாராவது கொண்டு வந்திருக்கணும். இல்ல ஏதாவது. செருப்பு, எலி, வெளிக்கோழி, பறவை, தண்ணி. எல்லாத்தையும் பாக்கணும்."

ஈரல், கழிச்சல், நான்கு ஷெட்களின் குழாய்த் தண்ணீர் என்று தனித்தனியாக எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனாள். முடிவு வர நான்கைந்து நாளாகும்.

அந்த நான்கைந்து நாளில் அவள் சொன்ன பட்டியலில் 'யாராவது' என்ற ஒரு சொல் மட்டும்தான் பண்ணையில் மிஞ்சியது.

லோகப்பிரியா முதலில் ஒடிசாவிலிருந்து வந்திருந்த இரண்டு ஆட்களின் அறையைத் திறந்து பார்த்தாள். பிறகு போன மாதம் தடுப்பூசி போட வந்த குழு எந்தெந்தப் பண்ணைக்குப் போய்விட்டு வந்தது என்று போனில் விசாரித்தாள். சுப்பண்ணனுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. அவருக்கு ஒரே பெயர்தான் தெரியும். இரண்டு தோப்பு தள்ளி மேற்கே பிரவுன் கோழி வளர்க்கும் பாலுசாமி. வண்டித்தடம் விஷயமாக இருவரும் பேசி ஆறு வருடமாகிறது.

"அவன் பண்ணைல ஒண்ணுமே சாகலையாமா. எப்படிச் சாகும்? நம்மளுக்குத் தள்ளி உட்டுப்போட்டான்," என்றார்.

"மாமா, சீக்கைப் பொட்டலம் கட்டியா வீசுவாங்க?"

"அவன் வீசுவான் அம்மணி."

தீவனம் அரைக்கும் இடத்தில் ஆட்கள் மயிலைச் சந்தேகித்தார்கள். தினமும் காலையில் ஏழெட்டு மயில்கள் சிந்திய மக்காச்சோளத்தைப் பொறுக்க வந்தன. பொற்கொடியின் கணவன் கருப்புசாமி அங்கேதான் வேலை செய்தான்.

"மயிலைப் புடிச்சு விசாரிக்கோணும்னா முருகங்கிட்ட சம்மன் குடுக்கோணும்," என்றான். "அவரு வேலோட வந்து நிப்பாரு. ஆரு பதில் சொல்றது?"

சிரித்தார்கள். பொற்கொடியும் சிரித்தாள். ஆனால் அன்று இரவு முழுக்க அவள் நினைவில் இருந்தது மயில் அல்ல. ஒரு சேவல்.

வேலைக்குச் சேரும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். பண்ணையில் வேலை செய்பவர்கள் வீட்டில் கோழி, வாத்து, புறா, கிளி எதுவும் வளர்க்கக் கூடாது. ஒன்பது வருடம் முன்பு அதில் கையெழுத்துப் போட்ட அன்றே பொற்கொடி தன் ஏழு நாட்டுக்கோழிகளையும் விற்றுவிட்டாள். போன வருடம் மகள் இனியா டெங்குவில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கருப்பராயனுக்கு ஒரு சேவல் தருவதாக வேண்டிக்கொண்டாள். பிள்ளை எழுந்து வந்தது. சேவலும் வாங்கியாயிற்று. ஆனால் போன மாசியில் ஊரில் அடுத்தடுத்துச் சாவு விழுந்து கோயில் நோம்பி நின்றுபோனது. நேர்ந்துவிட்டதை விற்க முடியாது, அறுக்கவும் முடியாது. அது காலனியில் அக்கா ராசாத்தாள் வீட்டில் இன்னொரு மாசிக்காகக் காத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பொற்கொடி போய் அதற்கு ஒரு கை சோளம் போடுவாள். திரும்பு முன் அக்கா வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கைகால் கழுவி, சேலை மாற்றி, வேறு செருப்பில் வருவாள். ஒருமுறையும் தவறியதில்லை என்றுதான் நினைத்திருந்தாள். இப்போது நினைத்துப் பார்த்தால் மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிறு மங்கலாக இருந்தது. அன்று மழை தூறியது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. செருப்பை மாற்றினேனா?

"மாத்திருப்பே," என்றான் கருப்புசாமி இருட்டில்.

"நீ பாத்தியா?"

"பாக்கலை."

"அப்பறம் என்ன."

அவர்கள் குடியிருந்தது பண்ணைக்குள்ளேயே, ஒற்றை அறையும் சமையல் மூலையும் உள்ள லைன் வீடு. இனியா பன்னிரண்டாவது படித்தாள். பண்ணை கேட்டுக்கு முன்னாலேயே பஸ் நிற்கும். மார்ச்சில் பரீட்சை. வேலை போனால் அந்த அறையும் போகும். அதைவிட, சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்கள் எல்லாரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருந்தார்கள். சீக்குக் கொண்டுவந்த ஆள் என்று ஒருமுறை அதில் பெயர் வந்தால் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் இந்தப் பக்கம் எந்த கேட்டும் திறக்காது.

சேவலைப் பற்றி லோகப்பிரியாவிடம் தானே சொல்லிவிடலாமா என்று அவள் இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் அந்த வாய்ப்பும் போனது. பாலுசாமி பைக்கில் வந்து, கேட்டுக்கு வெளியிலேயே காலூன்றி நின்று, லோகப்பிரியாவை அழைத்தார்.

"ஏனுங்க அம்மணி, உங்க மாமனார் என்னைய ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்காராமா. இருக்கட்டும். காலனிக்குள்ள உங்க ஆளோட அக்கா ஊட்டுல ஒரு சேவல் கூவுது. போய்க் கேட்டுப் பாருங்க, அது ஆரு பேரைச் சொல்லுதுன்னு."

அன்று மாலையே லோகப்பிரியா டாக்டரையும் கூட்டிக்கொண்டு காலனிக்குப் போனாள். ராசாத்தாள் மறைக்கவில்லை. மறைக்கிற மாதிரி சேவலும் இல்லை. நாலு கிலோ இருக்கும், செந்நிறம், திண்ணென்று நின்றது. ரம்ஷா அதன் பின்பக்கம் பஞ்சுக்குச்சியை விட்டு மாதிரி எடுத்தாள். சேவல் அவள் கையைக் கொத்தியது.

"பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நோய் வெளிய தெரியாமலும் இருக்கலாம். லேப் சொல்லட்டும்," என்றாள்.

லோகப்பிரியா லேபுக்காகக் காத்திருக்கவில்லை. திரும்பி வந்து முட்டை அறை வாசலில் பொற்கொடியை நிறுத்திச் சத்தம் போடாமல் பேசினாள்.

"ஒன்பது வருசம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சாமிக்கு நேர்ந்ததுங்கம்மா. இங்க வந்தா நான் தனியா…"

"தனியா என்ன? கை கழுவினீங்களா? நல்லது. எனக்கு எப்படித் தெரியும்? ஐயாயிரம் கோழிக்கு எப்படித் தெரியும்?" அவள் போனைப் பார்த்தாள், மேலே பார்க்கவில்லை. "ஞாயித்துக்கிழமை ரூமைக் காலி பண்ணிருங்க அக்கா."

அப்போதும் அக்கா என்றுதான் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை பொற்கொடிக்கு ஷெட்டுக்குள் வேலை இல்லை. போக வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். லைன் வீட்டு வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். ஒடிசா ஆள் ஒருவன் முந்தைய நாள் சப்பாத்தியைச் சுவர் மேல் வைத்துவிட்டுப் போனான். ஒரு காகம் வந்தது. சப்பாத்தி அட்டையாகக் காய்ந்திருந்தது. காகம் இரண்டு தரம் கொத்திப் பார்த்து, தூக்கிக்கொண்டு பறந்து அவள் துணி ஊறவைத்திருந்த பேசினின் விளிம்பில் உட்கார்ந்தது. சப்பாத்தியைத் தண்ணீரில் முக்கியது. எடுத்தது. திருப்பிப் பிடித்து இன்னொருமுறை முக்கியது. பிறகு பிய்த்துத் தின்றது.

இதில் புதிதாக ஒன்றும் இல்லை. சின்ன வயதிலிருந்து பார்ப்பதுதான். திறந்து வைத்த குடத்தில் காலையில் எலும்புத் துண்டு கிடந்தால் எல்லார் வீட்டிலும் திட்டுவது காக்காயைத்தான். பொற்கொடி அதைச் சூ என்று விரட்டினாள். விரட்டிய கை அப்படியே நின்றது.

மூன்றாம் ஷெட்டுக்கு மட்டும் என்ன வித்தியாசம் என்று லோகப்பிரியா கேட்டிருந்தாள். ஒன்று இருந்தது. ஒவ்வொரு ஷெட்டுக்கும் தனித் தண்ணீர்த் தொட்டி. மற்ற மூன்றும் இறுக மூடிய கறுப்பு பிளாஸ்டிக் டேங்க். மூன்றாவது மட்டும் பழைய காலத்துச் சிமெண்டுத் தொட்டி. மேலே தளம், தளத்தில் ஆள் இறங்கும் அளவுக்கு ஒரு துவாரம், அதற்கு ஒரு சிமெண்டு மூடி.

அந்தத் தளத்தில்தான் சுப்பண்ணன் ஏழு மாதமாக தினமும் காகத்துக்குச் சோறு வைத்தார்.

அவர் மனைவி சின்னாத்தாள் சித்திரையில் இறந்துபோனாள். காரியம் முடிந்த பிறகு மற்றவர்கள் அமாவாசைக்கு அமாவாசை வைப்பதை அவர் தினமும் வைக்கத் தொடங்கினார். வீட்டு மொட்டை மாடி முழுக்க மருமகள் சோலார் பலகை போட்டுவிட்டதால் பண்ணைத் தொட்டிக்கு வந்தார். காலை எட்டு மணிக்கு வாழை இலைத் துண்டில் சோறும், சின்னாத்தாளுக்குப் பிடித்த ஒரு கை முறுக்கும். ஏணியில் நிதானமாக ஏறி வைத்துவிட்டு, இறங்கி வந்து வேப்பமரத்தடியில் நின்று பார்ப்பார். வலது இறக்கையில் ஒரு இறகு தொங்கும் காகம் ஒன்று தவறாமல் வரும். "வந்துட்டா," என்பார். 

மாதம் பிறந்தால் தொட்டிகளைக் கழுவுவதும் வாரம் ஒருமுறை குளோரின் போடுவதும் பொற்கொடி, கருப்புசாமியின் வேலை. சித்திரைக்குப் பிறகு மூன்றாம் தொட்டிக்கு மட்டும் அவர்கள் ஏறவில்லை. சுப்பண்ணன் அதைத் திட்டமாகச் சொல்லவும் இல்லை. "அது நான் பாத்துக்கறனுங்க. நீங்க எதுக்குச் சிரமப்பட்டுட்டு," என்றார். இரண்டு பேருக்கும் புரிந்தது. சாமி காரியம் நடக்கிற இடத்தில் காலனிக்காரர்கள் கால் வைக்க வேண்டாம் என்பதை அவர் அவ்வளவு மரியாதையாகச் சொல்வார். குளோரின் பாக்கெட்டைக் கருப்புசாமி அவர் கையில் கொடுத்துவிடுவான். அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கேட்கிற உரிமை அவனுக்கு இல்லை.

மணி பதினொன்று. சுப்பண்ணன் பொள்ளாச்சிக்குப் போயிருந்தார். பொற்கொடி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள்.

தளத்தில் காய்ந்த பருக்கைகள். கருகிப்போன இலைத் துண்டுகள். எங்கும் எச்சம். சிமெண்டு மூடி துவாரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. அந்த இடைவெளியின் விளிம்பு கன்னங்கரேலென்று வழுவழுத்திருந்தது. குனிந்து பார்த்தாள். வெயில் ஒரு பட்டையாக உள்ளே விழுந்தது. தண்ணீர் மேல் எண்ணெய் போல ஒரு படலம். முறுக்குத் துணுக்குகள் ஊறி மிதந்தன. அடியில் எலும்புகள். ஒன்றல்ல, நிறைய. ஓரமாக ஒரு கோழித்தலை. நனைந்த இறகு செம்பழுப்பாக இருந்தது. அலகின் முனை வெட்டப்பட்டிருந்தது.

பொற்கொடிக்கு அதற்கு மேல் பார்க்கத் தேவைப்படவில்லை. கூண்டுக் கோழிகள் ஒன்றையொன்று கொத்தாமல் இருக்கக் குஞ்சிலேயே அலகை வெட்டுவார்கள். நாட்டுக்கோழிக்கு யாரும் வெட்டுவதில்லை. இது பண்ணைக் கோழி. ஆனால் இந்தப் பண்ணையில் பழுப்புக் கோழி ஒன்றுகூடக் கிடையாது.

கையை நீட்டப் போனாள். நீட்டவில்லை.

இதை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினால் என்ன சொல்வார்கள்? வேலையை விட்டு அனுப்பப்பட்டவள் முதலாளி இல்லாத நேரம் பார்த்துத் தொட்டியில் ஏறினாள், கோழித்தலையோடு இறங்கினாள் என்பார்கள். போட்டோ எடுத்தாலும் அதேதான். போட்டுவிட்டு எடுத்தாள் என்பார்கள். அவள் இரண்டு கையையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு, எதையும் தொடாமல் இறங்கினாள்.

கடைசிப் படியில் கால் வைத்தபோது கீழே லோகப்பிரியா நின்றிருந்தாள். பக்கத்தில் ரம்ஷா, கையில் ஒரு உறை.

"மேல என்ன பண்ணினீங்க?" என்றாள் லோகப்பிரியா.

"பாத்தனுங்க. எதையும் தொடலீங்க."

"டாக்டர் இப்பத்தான் லேப் ரிப்போர்ட் கொண்டு வந்தாங்க. மூணாம் ஷெட் தண்ணில கிருமி இருக்குது. மத்த மூணுலயும் இல்ல. அதைக் கேட்டுட்டு வெளிய வாரேன், நீங்க அந்தத் தொட்டியில இருந்து இறங்கறீங்க." அவள் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "நான் என்ன நினைக்கறது, நீங்களே சொல்லுங்க."

"நீங்க ஏறிப் பாருங்கம்மா. அப்பறம் நினைங்க."

கேட்டில் கார் சத்தம் கேட்டது. சுப்பண்ணன் பொள்ளாச்சியிலிருந்து திரும்பிவிட்டார். கையில் ஒரு பேக்கரிப் பையோடு வந்தார். அதற்குள் முறுக்கு. ஏணியையும், ஏணிக்குப் பக்கத்தில் நின்ற பொற்கொடியையும் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"நீங்க எதுக்குங்க மேல ஏறுனீங்க?"

அவர் கோபத்திலும் 'ங்க' போடுவதை விடாதவர். பொற்கொடிக்கு அந்த மரியாதைதான் எப்போதும் பயமாக இருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

"தப்புத்தானுங்கய்யா. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறனுங்க. அந்த மூடியைத் தள்ளி வெச்சது ஆருங்க?"

"நான்தான்."

லோகப்பிரியா அவர் பக்கம் திரும்பினாள். "எதுக்கு மாமா?"

சுப்பண்ணனின் கோபம் சற்று இறங்கியது. கேட்டால் சொல்ல வேண்டும் என்று பல நாளாகக் காத்திருந்தவர் போல இருந்தது.

"வெறும் சோறு மட்டும் வெச்சாப் போதுமா அம்மணி? தண்ணி வேண்டாமா? டம்ளர்ல வெச்சாத் தட்டி உட்டுருது. அதான் மூடியைக் கொஞ்சம் நகத்தி உட்டேன். அவ என்ன பண்றா தெரியுமா? முறுக்கை அப்படியே திங்கறதில்ல. எடுத்துட்டுப் போய்த் தண்ணில முக்கி, ஊற வெச்சுத்தான் திங்கறா. உங்க அத்தை பல்லு போன பொறவு டீயில நனைச்சுத் திம்பா இல்ல, அதே மாதிரி. அச்சு அசல் அதே மாதிரி. மத்த காக்காயெல்லாம் அவளைப் பாத்துப் பழகிருச்சு. இப்ப எல்லாமே எதைக் கொண்டு வந்தாலும் அதுல முக்கித்தான் திங்குது."

சொல்லிச் சிரித்தார். 

ரம்ஷா மெதுவாகக் கேட்டாள். "எதைக் கொண்டு வந்தாலும்னா, எதைங்க ஐயா?"

"அதென்னமோ. கொண்டு வரும்."

"குளோரின் போடறீங்களா அதுல?"

"ரெண்டு தரம் போட்டனுங்க. அந்த வாசத்துக்கு அவ கிட்டயே வரலை. நாலு நாள் வரலை. அப்பறம் உட்டுப்போட்டேன்."

லோகப்பிரியா கண்ணை மூடித் திறந்தாள்.

ரம்ஷா கையுறை போட்டுக்கொண்டாள். ஏணியில் கை வைத்துவிட்டு, "நான் ஏறலாமுங்களா?" என்று சுப்பண்ணனைக் கேட்டாள். அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அவள் பெயர், அவள் தலையில் சுற்றியிருந்த துணி, மேலே இருக்கும் இலை, எல்லாம் அவர் கண்ணில் ஒருகணம் வந்து போயின. "உங்க இஷ்டமுங்க," என்றார்.

அவள் மேலே பத்து நிமிடம் இருந்தாள். பையோடு இறங்கி வந்தாள். குழிமேட்டுத் திட்டில் ஒவ்வொன்றாக வைத்தாள். தொடை எலும்பு. விலா. இறக்கையின் பாதி. கடைசியில் அந்தத் தலை.

"மூக்கு வெட்டியிருக்குங்க," என்றாள் பொற்கொடி. "என்ற சேவலுக்கு மூக்கு முழுசா இருக்குது. டாக்டரம்மா கையிலயே கொத்துச்சு."

"பிரவுன் கோழி," என்றாள் லோகப்பிரியா.

"இதப் பொற்கொடியே தொட்டிக்குள்ள போட்டுட்டு இறங்கியிருந்தா?" என்றார் சுப்பண்ணன். குரலில் வேகம் இல்லை. கேட்டே ஆக வேண்டும் என்பதற்காகக் கேட்டார்.

ரம்ஷா பையின் அடியை விரித்துக் காட்டினாள். "இதப் பாருங்க. இந்த எலும்பு மேல பாசி புடிச்சிருக்கு, மாசக்கணக்கு. இது மூணு வாரம். தலை நாலஞ்சு நாள். ஒரே நாள்ல ஒருத்தர் போட்டது இல்லைங்க ஐயா. தினமும் வந்திருக்கு. செத்த கோழிய எங்கேயோ மூடாம போடறாங்க. காக்கா அங்க எடுத்து இங்க கழுவுது. அந்தத் தண்ணியத்தான் உங்க கோழி குடிக்குது."

எங்கேயோ என்பது எங்கே என்று எல்லாருக்கும் தெரிந்தது. லோகப்பிரியா பாலுசாமிக்குப் போன் போட்டாள். அவர் பண்ணையில் பத்து நாளாகக் கோழி செத்துக்கொண்டிருப்பதும், குழி நிறைந்துபோய் மூடாமல் கிடப்பதும் அவர் வாயிலிருந்து வர இருபது நிமிடம் ஆனது. வந்த பிறகும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"ஏனுங்க, காக்கா ஒருவழிப் பாதையிலயா பறக்குது? அங்க இருந்து இங்க வந்தா இங்க இருந்தும் அங்க வருமில்ல? உங்க தொட்டித் தண்ணியக் குடிச்சுட்டு என்ற தோப்புல எச்சம் போட்டிருக்கும். மொதல்ல சீக்கு வந்தது உங்களுதுலதான்."

லோகப்பிரியா ரம்ஷாவைப் பார்த்தாள். ரம்ஷா உதட்டைப் பிதுக்கினாள். "யாரு முதல்னு இனி சொல்ல முடியாதுங்க."

சனிக்கிழமை காலை மூன்றாம் தொட்டி வடிக்கப்பட்டது. பொற்கொடி முழங்கால் வரை சேலையைச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கி ஏழு மாதச் சேற்றைத் தேய்த்தாள். மேலே நின்று கருப்புசாமி வாளியை இழுத்துக் கொட்டினான். லோகப்பிரியா ஏணியின் பாதி வரை ஏறி வந்து எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, நாளைக்கு ரூமைக் காலி பண்ண வேண்டாம்."

உள்ளேயிருந்து தேய்க்கிற சத்தம் நின்றது. "சரிங்கம்மா."

"சேவல் ரிப்போர்ட் திங்கக்கிழமை வரும். அதுல ஒண்ணும் இல்லைன்னாலும்…" அவள் முடிக்கத் தயங்கினாள். "அதை யாருக்காவது குடுத்துருங்களேன்."

"மாசி வரைக்கும் எங்கக்கா ஊட்டுலதானுங்க இருக்கும். சாமிக்குச் சொன்னது. நான் நோம்பி வரைக்கும் அங்க போகலை. இனியா போய்த் தீனி போடட்டும், அவ ஷெட்டுக்குள்ள வாரதில்ல." தண்ணீர் சொட்டும் சுவர்களுக்குள் அவள் குரல் எதிரொலித்தது. "மறைக்கலீங்கம்மா. இப்பச் சொல்லிப்போட்டேன். அதுக்கு மேல உங்க இஷ்டம்."

லோகப்பிரியா ஒரு படி இறங்கி நின்றாள். "வாராவாரம் டாக்டர் அதை வந்து பாப்பாங்க," என்று சொல்லிவிட்டு இறங்கினாள். நம்பினாளா என்று அந்தக் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை.

எட்டு மணிக்குச் சுப்பண்ணன் வந்தார். கையில் இலைத் துண்டு, அதில் சோறு, மேலே முறுக்கு. ஏணியடியில் வந்து நின்றவர், மேலே கருப்புசாமி நிற்பதைப் பார்த்தார்.  திரும்பி வேப்பமரத்தடிக்குப் போனார். எங்கே வைப்பது என்று தெரியாமல் சற்றுநேரம் நின்றார். கடைசியில் பழைய தீவன மூட்டை அடுக்கும் கல்மேடையில், பண்ணை வேலிக்கு வெளியே, வைத்தார். பக்கத்தில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் ஊற்றினார்.

மின்கம்பியில் காகங்கள் வரிசையாக உட்கார்ந்து திறந்து கிடந்த தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தன. நெடுநேரம் ஒன்றும் இறங்கவில்லை. பிறகு மேற்கிலிருந்து, பாலுசாமியின் தோப்புப் பக்கமிருந்து, ஒன்று தாழப் பறந்து வந்தது. வலது இறக்கையில் ஒரு இறகு தொங்கியது. கல்மேடையில் இறங்கி, சோற்றுக்குப் பக்கத்தில் தத்திவந்து நின்றது.

தொட்டியைக் கழுவி முடித்து ஏணியில் இறங்கிக்கொண்டிருந்த பொற்கொடி பாதியில் நின்றாள். சுப்பண்ணன் "வந்துட்டா" என்று சொல்லவில்லை. அவர் இரண்டடி முன்னால் போய், முதுகை வளைத்து, கண்ணைச் சுருக்கி, அந்தக் காகத்தின் அலகைப் பார்த்துக்கொண்டிருந்தார். அலகின் ஓரத்தில் எதுவோ ஒட்டியிருந்தது.

"எங்க போயிட்டு வாரே நீ?" என்று கேட்டார்.